கோசலையக்கா வளர்த்த ரம்பை

கோசலையக்காவைப் பற்றிப் பாரிஸ் லாச்சப்பலில் யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள். நல்ல மனுசி, ஆனால் எதையும் மனதில் வைத்துக்கொண்டிருப்பவர் என்று. சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர் மனதில் கிடந்தது எது, அதைக் கொண்டுபோய் அங்கே வைத்தது யார் என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. நான் சொல்கிறேன். வைத்தவன் இராஜதுரை. ரூ லூயி-பிளாங் தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறான். என்னிலும் மூத்தவன்தான், தெருவே அண்ணை என்று கூப்பிடுகிறவன்தான். ஆனாலும் எழுதும்போது அவனுக்கு மரியாதை போட எனக்குக் கை வரவில்லை.

அந்தக் கடையின் குசினியில் கோசலையக்கா பதினொரு வருடம் சமைத்தார். கடைசி நான்கு வருடம் நானும் அங்கேதான், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால். என் பெயர் உதயன். என்னைப் பற்றி இதற்கு மேல் தேவையில்லை, இது அவருடைய கதை.

அக்கா குள்ளமான உருவம். தடித்த கண்ணாடி. அடுப்புக்கு முன்னால் நின்றால் ஒரு வார்த்தை பேசமாட்டார். கறியை நாக்கில் வைத்துப் பார்க்கவும் மாட்டார், மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு உப்புக் குறைவு என்பார். குறைவாகத்தான் இருக்கும். அவருக்கு எல்லாமே மூக்குத்தான். அதனால்தான் ரம்பையில் அவருக்கு அப்படியொரு பிடிவாதம்.

ரம்பையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தாழைக்குத் தங்கை மாதிரி இருக்கும், நீட்டு நீட்டாகப் பச்சை இலை. இங்கே அது பூப்பதுமில்லை காய்ப்பதுமில்லை, இலை ஒன்றுக்காகத்தான் வளர்ப்பது. பராமரித்தால் வருடக்கணக்கில் நிற்கும். செடியில் நிற்கும்போது முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. இலையை முடிச்சுப் போட்டுக் கொதிக்கிற சோற்றுக்குள்ளோ தாளிக்கிற எண்ணெயிலோ போட்டால்தான் அதன் குணம் வெளியே வரும். கோசலையும் அப்படித்தான் என்பார் லாசர். லாசர் எங்கள் கடையின் இரண்டாவது சமையல்காரர், வாய்க்காரர்.

பாரிசில் ரம்பை இலை உறைய வைத்த பைகளில் வரும். அதில் ஐஸ் பெட்டி மணம்தான் இருக்கிறது என்று அக்கா கரித்துக்கொட்டுவார். நகருக்கு வெளியே பொண்டியில் அவர் இருந்த கட்டடத்தில் ஒரு வியட்நாம் பெண்மணி இருந்தார். அவர் வீடு மாறிப் போகும்போது, கொண்டுபோக இடமில்லாமல், ஒரு ரம்பைச் செடியை அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் தாய்ச்செடி. அக்கா அதைப் பத்துக் கிலோத் தயிர் வாளியில் வைத்தார். ரேடியேட்டரின் காய்ச்சலில் இலை நுனி கருகுகிறது என்று வாளிக்குக் கீழே தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் விட்டார். குழாய்த் தண்ணீரை நேரே ஊற்றமாட்டார், குளிர் வேரைப் பிடித்துவிடும் என்று முதல்நாளே போத்தலில் பிடித்து வைப்பார். ஒக்தோபர் பிறந்தால் பல்கனியிலிருந்து உள்ளே, மே மாதம் பிறந்தால் மறுபடி வெளியே. இலையை வெட்டுவதில்லை. அடி இலையாகப் பார்த்து, ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் பக்கவாட்டில் இழுப்பார். அது முனகாமல் கழன்று வரும்.

தாய்ச்செடியின் காலடியில் குட்டிகள் முளைத்தபோது மூன்றைப் பிரித்து இராஜதுரையின் கடைக்குக் கொண்டுவந்தார். நான் பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேலே, பின்பக்க யன்னலில் வைத்தோம். என் சுடுதண்ணீர் ஆவியில் அவை கொழுத்து வளர்ந்தன. ஆட்டுக்கறி மணம் தெருவுக்குப் போனது. மத்தியானம் இருக்க இடமில்லை. இராஜதுரை கல்லாவில் இருந்துகொண்டு, இது தன் தாயின் கைப்பக்குவம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னான். அக்கா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அதற்காக அவர் கோபிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஒரு நவம்பர் மாதம், கடையில் கோழி காணாமல் போகத் தொடங்கியது. எடுத்தது இராஜதுரையின் மனைவி சுபாங்கியின் தம்பி. நானும் லாசரும் கண்ணால் கண்டோம். கண்டு என்ன செய்ய? எனக்கு அப்போது மூன்று மாத ரெசெப்பிசே என்ற தற்காலிக விசாதான் இருந்தது, அந்தக் கடதாசியைப் புதுப்பிக்க வேண்டிய வேலைக் கடிதம் இராஜதுரையின் கையில் இருந்தது. லாசருக்கு மூன்று பிள்ளைகள்.

அதே மாதம்தான் அக்காவின் கணவர் வைத்தியநாதன் சாப்பாட்டை வெறுக்கத் தொடங்கினார். தொண்டையில் புற்றுநோய். ரம்பை போட்ட கஞ்சி என்றால் மட்டும் நாலு வாய் இறங்கும். வீட்டுச் செடி வாளி மாற்றி நட்டதில் சோர்ந்து போயிருந்ததால், அதில் கை வைக்க மனமில்லாமல், அக்கா கடைச் செடியிலிருந்து எட்டு இலை இழுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். பின்னேரம் மூன்றரை மணி. மத்தியானச் சாப்பாட்டுச் சனம் இன்னும் போகவில்லை. வாசலில் இராஜதுரை மறித்தான். பையைத் திறக்கச் சொன்னான். அக்கா விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். அவன் பையை வாங்கிக் கல்லா மேசையில் கவிழ்த்தான்.

மெத்ரோ அட்டை, மருந்துச் சீட்டு, ஒரு சீப்பு, எட்டு ரம்பை இலை. கோழி இல்லை. அந்த இடத்தில் அவன் நிறுத்தியிருக்கலாம். சனம் பார்த்துக்கொண்டிருந்தது, வெறும் கையோடு நிற்க அவனுக்கு வெட்கம். இலையைத் தூக்கிக் காட்டி, "இதுவும் களவுதான். இண்டைக்கு இலை, நாளைக்கு இறைச்சி" என்றான். அது தான் கொண்டுவந்து வைத்த செடி என்று அக்கா சொன்னார். கடைக்குள் நிற்பது கடைச் சாமான் என்றான். பிறகு எட்டு இலையையும் நாலாக மடித்துக் குப்பை வாளிக்குள் போட்டான். நான் குசினி வாசலில் நின்றேன். என் பின்னால் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா சீப்பையும் சீட்டையும் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை. செடிகளைக் கேட்டு ஆள் அனுப்பியபோது, எந்தச் செடி என்று கேட்டானாம். அந்த மூன்றையும் அவன் அழகுக்காக வாசலில் தூக்கி வைத்தான். டிசம்பர் குளிரில் ஒரே கிழமையில் கறுத்துப்போய், கடைசியில் நகரசபைக் குப்பைவண்டியில் போயின.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. இலைக்கள்ளி என்று பெயர் வந்தது. ஸ்டாலின்கிராட் மெத்ரோ பக்கத்தில் ஒரு கடையில் வேலை கேட்டுப் போனார், குசினிக்கு ஆள் இருக்கிறது என்றார்கள். இன்னொரு கடையில் முகத்துக்கு நேரேயே சிரித்தார்கள். ஐம்பத்தைந்து வயதில், விடியற்காலை ரயில் பிடித்துப் போய், அலுவலகங்களில் நிலம் துடைக்கும் மெனாஜ் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய மகள் கஜனிக்கு இதெல்லாம் புரியாது. பிரான்சில் பிறந்த பிள்ளை. "மமோன், லெஸ் தோம்பே" என்பாள். விட்டுத்தள்ளுங்கோ அம்மா என்று அர்த்தம். எட்டு இலைக்கு ஒரு மனுசி இவ்வளவு நினைப்பாளா என்று என்னிடமே கேட்டிருக்கிறாள். எட்டு இலையா அது? பதினொரு வருட உழைப்பு, நல்ல பெயர், நோய்க்காரனின் ஒரு நேரக் கஞ்சி. எனக்கே வயிறு எரிந்தது.

அக்காவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. யார் முன்னால் கள்ளி என்றானோ, அந்தத் தெருச் சனம் முன்னால் அவனே தன் வாயால் இல்லை என்று சொல்லவேண்டும். நாலு வருடம் அதைத்தான் நினைத்துக்கொண்டு செடி வளர்த்தார். தாய்ச்செடி பெருத்து, தண்டிலிருந்து விழுது விட்டது. அக்கா மூங்கில் கம்பு நட்டு அணைத்துக் கட்டினார். வாளி ஒன்று மூன்றானது. இலைகளை ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பார், துடைக்கும்போது இராஜதுரையை ஒவ்வொரு இலைக்கும் ஒரு வசவாகத் திட்டுவார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். அப்போது எனக்குப் பத்து வருட விசாக் கார்ட் கிடைத்து, ஒரு தொலைபேசிக் கடையில் வேலையும் கிடைத்துவிட்டது. இராஜதுரையைத் திட்ட எனக்கும் இனிப் பயமில்லை. இரண்டு பேரும் சேர்ந்து திட்டுவோம். சொல்லப்போனால் நான்தான் சத்தமாகத் திட்டுவேன்.

போன வருடம் மே மாதம் வைத்தியநாதன் அண்ணை காலமானார். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகவேண்டும் என்பது எங்கள் சனத்தின் வழக்கம். பகையாளி வீடானாலும் செத்தவீட்டுக்குப் போகாமல் விட்டால் ஊர் பேசும். இராஜதுரையும் சுபாங்கியும் எரிக்கிற அன்று வந்தார்கள். அதனால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கும் வருவார்கள் என்று அக்காவுக்குத் தெரிந்தது. செத்தவீட்டில் பல்கனியை எட்டிப் பார்த்து, சுபாங்கி ரம்பையைக் கண்டுவிட்டாள் என்பதும் தெரிந்தது.

இந்த இடத்தில் இன்னொரு வழக்கத்தையும் சொல்லவேண்டும். செடியைக் கேட்டு வாங்கி நட்டால் வராது, களவெடுத்து நட்டால்தான் தழைக்கும் என்று எங்கள் பெண்கள் நம்புகிறார்கள். ஒருவர் வீட்டுக்குப் போனால் பேச்சோடு பேச்சாக ஒரு தண்டை முறித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொள்வார்கள். வீட்டுக்காரியும் கண்டும் காணாததுபோல் இருப்பாள். அதை ஒருவரும் களவு என்று எண்ணுவதில்லை. செய்தவளே பிறகு சிரித்துக்கொண்டு சொல்லுவாள்.

அந்தியேட்டிக்கு முதல்நாள் கதிரை அடுக்கிக் கொடுக்க நான் பொண்டிக்குப் போனேன். அக்கா பல்கனியில் நிலத்தில் இருந்தார். பக்கத்தில் எரிவாயு அடுப்பு, கையில் சாக்குத் தைக்கிற கோணி ஊசி. முன்னால் ஒரு வாளி, அதில் ஐந்து குட்டிக் கன்றுகள். தாய்ச்செடியையும் மற்ற வாளியையும் கஜனியின் அறைக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். ஊசியைச் சிவக்கக் காய்ச்சி, ஒரு கன்றின் நடுக்குருத்தை விரித்து, அடிவரைக்கும் இறக்கினார். சீ என்று ஒரு சத்தம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, இலை பச்சையாகவே நின்றது.

"ரெண்டு மாதம் இப்பிடியே நிக்கும். பிறகு நடுவிலை இருந்து அழுகும்" என்றார். ஏன் என்று கேட்டேன். திட்டத்தைச் சொன்னார். சுபாங்கி களவெடுப்பாள். கன்று சாகும். செத்தால் அவள் சும்மா இருக்கமாட்டாள், வந்து கேட்பாள். கேட்கும்போது தன் வாயாலேயே களவைச் சொல்லுவாள். அது நாலு பேர் கேட்க நடக்கவேண்டும். அவ்வளவுதான்.

சொல்லிக்கொண்டே அடுத்த கன்றில் ஊசியை இறக்கினார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. புருசன் செத்து முப்பது நாளாக நான் அந்தக் கண்ணில் காணாத தண்ணீர். ஒவ்வொரு கன்றுக்கும் ஊசியை இறக்குமுன் அதன் இலையை ஒருதரம் தடவினார். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான், அந்தக் கோழியை எடுத்தது சுபாங்கியின் தம்பி, நானும் லாசரும் அப்போதே கண்டோம் என்று சொன்னேன்.

அக்கா ஊசியை அடுப்பில் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"அப்பவே தெரியுமோ?"

"ஓம் அக்கா. பை திறந்து பாக்க முந்தியே தெரியும்."

"அப்பிடியோ" என்றார். ஊசி சிவந்திருந்தது. நாலாவது கன்றை எடுத்தார். நான் போய்க் கதிரைகளை அடுக்கினேன்.

மறுநாள் எல்லாம் சொன்னபடி நடந்தது. வாளியைச் சுற்றிச் சீலைத்துண்டு கட்டி, வந்தவர்களிடமெல்லாம், அந்தச் செடியில் மட்டும் கை வைக்கவேண்டாம், அது தன் மனுசன் ஆசையாகத் தண்ணீர் விட்ட செடி என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். தொடாதே என்றால் தொடத்தானே கை துருதுருக்கும். சுபாங்கி கைகழுவும் சாட்டில் பல்கனிக்குப் போனாள், இரண்டு கன்றைப் பிடுங்கினாள், கைப்பைக்குள் மடித்து வைத்தாள். கதவிடுக்கால் நான் பார்த்தேன். அக்கா எனக்குப் பக்கத்தில் நின்று பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார். அவரும் பார்த்தார். ஊற்றின பாயசம் ஒரு துளி வெளியே சிந்தவில்லை. போகும்போது சுபாங்கிக்குப் பொதி கட்டிச் சாப்பாடும் கொடுத்துவிட்டார்.

ஜூலையில் அந்தக் கடை வாசலில் மறுபடி ரம்பைச் செடி. இராஜதுரை கண்ணாடியில் புது மட்டை ஒட்டினான், ரம்பை போட்ட ஆட்டுக்கறி என்று. நான் வேலைக்குப் போகும் வழியில் தினமும் நின்று பார்ப்பேன். ஒருநாள் நடு இலை மஞ்சளாகியிருந்தது. எனக்கு வந்த சந்தோசத்தில் அன்றைக்கு ஒரு வடை கூடச் சாப்பிட்டேன். அக்காவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். இன்னும் இரண்டு கிழமை பொறும் என்றார்.

ஓகஸ்ட் கடைசியில் பிள்ளையார் தேர். அன்றைக்கு லாச்சப்பல் முழுக்கச் சனம், தெருவெல்லாம் தேங்காய்ச் சிதறல், மேளம், காவடி. கடைகளுக்கு முன்னால் தண்ணீர்ப் பந்தல். இராஜதுரையும் மோர்ப் பந்தல் போட்டிருந்தான். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. லாசர் அகப்பையால் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். லாசரும் அப்போது வேறு கடைக்கு மாறிவிட்டார், தேருக்காக உதவிக்கு வந்தவர். கோசலையக்கா அந்தப் பந்தலுக்கு நேரே போனார். கிட்டத்தட்ட ஐந்து வருடமாக அந்தக் கடைப் பக்கமே மிதிக்காத மனுசி. வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். நான் பின்னால் போனேன், இதைப் பார்க்காமல் விடுவேனா?

கள்ளனுக்குத் தேள் கொட்டினால் கத்தமாட்டான் என்பார்கள். சுபாங்கி கத்தினாள். அக்காவைக் கண்டதும் மோர்க் குவளையோடு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. அந்தியேட்டி அண்டு உங்கடை ரம்பையிலை ரெண்டு கண்டு களவாய்ப் பிடுங்கிக்கொண்டு போனனான். களவெடுத்து வைச்சால்தானே நல்லாய் வரும் எண்டுறவை. ரெண்டும் செத்துப்போச்சு. உங்கடை கையாலை ஒண்டு தாங்கோவன்."

"மேளச் சத்தத்திலை கேக்கேல்லை. திருப்பிச் சொல்லும்."

சுபாங்கி இன்னும் உரத்துச் சொன்னாள். பந்தலில் நின்றவர்கள் திரும்பினார்கள். எங்கே எடுத்தீர் என்று அக்கா கேட்டார், உங்கள் வீட்டில் என்றாள். கேட்காமலா என்றார். கேட்டால் பிறகென்ன களவு என்று சுபாங்கி சிரித்தாள். சனமும் சிரித்தது. அக்காவும் சிரித்தார். பிறகு இராஜதுரையின் பக்கம் திரும்பினார்.

"தம்பி இராஜதுரை, உங்கடை மனுசி என்ரை வீட்டிலை, என்ரை மனுசன்ரை அந்தியேட்டி அண்டு, களவெடுத்துப்போட்டன் எண்டு தானே சொல்லுறா. அவவின்ரை பையையும் கல்லா மேசையிலை கவிட்டுப் பாப்பமோ?"

சிரிப்பு நின்றது. பழைய ஆட்களுக்கு உடனே விளங்கியது. புதிய ஆட்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் காதில் சொன்னார்கள். இராஜதுரையின் முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு வந்தது.

"அது பழைய கதையெல்லோ அக்கா. நான் மறந்தே போனன்."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. அவன் உண்மையாகவே மறந்திருந்தான். ஐந்து வருடம் அந்த மனுசி தின்றதும் உறங்கினதும் அந்த மேசைக்கு முன்னால், அவனுக்கு நினைவே இல்லை. அக்கா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அழவில்லை.

"நான் மறக்கேல்லை. எட்டு இலை. அண்டைக்கு என்ரை மனுசன் சாப்பிடாமல் படுத்தவர். நான் கள்ளி இல்லை எண்டு சொல்லும்."

அக்காவின் வாயிலிருந்து 'தம்பி' போய்விட்டது, 'நீங்கள்' போய்விட்டது. அவன் சுற்றிப் பார்த்தான். தேர் வந்துகொண்டிருந்தது, ஒருவரும் தேரைப் பார்க்கவில்லை. மெல்லச் சொன்னான். உரத்துச் சொல்லச் சொன்னார். கோசலையக்கா களவெடுக்கவில்லை, தான்தான் பிழை விட்டேன் என்று இராஜதுரை எல்லோரும் கேட்கச் சொன்னான். மன்னிக்கச் சொல்லிக் கையும் கூப்பினான். அக்கா அந்தக் கையைப் பார்த்தார். மன்னிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, லாசரின் கையிலிருந்து ஒரு குவளை மோர் வாங்கிக் குடித்துவிட்டுத் தேருக்குப் பின்னால் போனார்.

எனக்கு அன்றைக்கு நிலத்தில் கால் பாவவில்லை. அந்தக் கதையை ஒரு மாதமாக எல்லோருக்கும் நான்தான் சொன்னேன். தொலைபேசிக் கடைக்கு வந்தவர்கள் சிம் கார்டோடு கதையையும் வாங்கிக்கொண்டு போனார்கள். இலைக்கள்ளி என்ற சொல் தெருவில் செத்துப்போனது. அக்காவை வேலைக்குக் கூப்பிட்டு மூன்று கடைக்காரர் வந்தார்கள். வேலைக்குப் போகமாட்டேன், கன்று தருகிறேன் என்று மூவருக்கும் தாய்ச்செடியின் கன்றுகளைக் கொடுத்தார். இப்போது இராஜதுரையின் கடைக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் எதிர்ப்பக்கமும் ரம்பை மணக்கிறது. அவன் கடையில் மட்டும் இல்லை. அந்தத் தெருவால் போகும்போது நான் மூச்சை இழுத்து இழுத்து விடுவேன்.

செப்ரெம்பரில் எனக்கும் ஒரு கன்று கேட்டேன். களவெடுக்கவில்லை, முறையாகக் கேட்டேன். லாசரும் கேட்டிருந்தார். அக்கா ஒரு மறுப்பும் சொல்லவில்லை. இரண்டு கன்றையும் ஈரக் கடதாசியில் சுற்றி, ஒன்றில் லாசர் என்றும் மற்றதில் உதயன் என்றும் எழுதி வைத்திருந்தார். தண்ணீரை முதல்நாளே பிடித்து வைக்கவேண்டும், ரேடியேட்டரோடு ஒட்டி வைக்கக்கூடாது என்று எல்லாம் சொல்லித் தந்தார். நான் அவர் சொன்னபடிதான் செய்தேன். கூழாங்கல்கூட வாங்கினேன்.

நவம்பர் நடுவில் நடு இலை மஞ்சளாகியது. தண்ணீர் கூடிவிட்டது என்று நினைத்தேன். குறைத்தேன். ஒரு கிழமை கழித்து அந்த இலையை இலேசாகத் தொட்டதும் அடியோடு கழன்று கையில் வந்தது. அழுகல் நாற்றம். வெளி இலைகளை ஒவ்வொன்றாக உரித்துப் பார்த்தேன். குருத்தின் நடுவால் நேரே கீழே இறங்கிய ஒரு கறுத்த ஓட்டை, கோணி ஊசியின் பருமன்.

லாசருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருடையது ஒரு கிழமைக்கு முன்னமே செத்துவிட்டதாம். தனக்குக் கைராசி இல்லை என்றார். மூன்று கடைகளிலும் போய்ப் பார்த்தேன். மூன்று செடியும் புதுக்குட்டி விட்டு நின்றன.

தொட்டி யன்னலில் அப்படியே இருந்தது. எறிய மனம் வரவில்லை. நாலாம் நாள் கோசலையக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. சுகம் விசாரித்தார், வேலை எப்படி என்று கேட்டார், பொண்டியில் பனி கொட்டுகிறது என்றார். பிறகு கேட்டார்.

"கண்டு எப்பிடி நிக்குது தம்பி?"

பல்கனியில் ஊசியோடு இருந்து 'அப்பவே தெரியுமோ' என்று அவர் கேட்டது ஞாபகம் வந்தது. அவர் காத்திருந்தார், அவசரப்படவில்லை.

"நல்லாய் நிக்குதக்கா" என்றேன்.